அந்தோணி வீட்டு முதல் சோறு

1

அன்றைக்கு அந்தக் கோயில் கூடத்தில் இருந்தவர்கள்: என் வீட்டுக்காரர் சூசை, நான், எங்கள் மகள் மெர்சி. பங்குச் சாமியார். கூடத்துச் சாவியை வைத்திருக்கும் பிரிஜிட் அம்மா, அவரோடு தினப்பூசைக்கு வரும் வயசான பெண்கள் நாலு பேர். என் வீட்டுக்காரரோடு ஒரே படகில் இருந்து பிழைத்த பிலிப்பைன்ஸ்காரன் ரொமெல், அவன் மனைவி, அவர்கள் கைப்பிள்ளை. நண்டுக் கம்பெனியில் என்னோடு நிற்கிற பெண்கள் மூன்று பேர். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் மலையாளத்து அக்காவும் அவர் வீட்டுக்காரரும். எல்லோரும் உட்கார்ந்த பிறகு கடைசியாக வந்த படகு முதலாளி. மேஜைமேல் தண்ணீர் ஜாடியில் சாய்த்து வைத்த போனுக்குள், தூத்துக்குடி திரேஸ்புரத்தில் இருந்து செல்வி.

செல்வி இவருடைய கூடப்பிறந்த தங்கச்சி. அவள் மாப்பிள்ளை அந்தோணி. (நான் ‘இவர்’ என்று எழுதினால் அது என் வீட்டுக்காரர்தான். பெயரைச் சொல்லி எழுதக் கை வரமாட்டேன் என்கிறது.) போன வருஷம் இதே ஐப்பசியில், இந்த அயர்லாந்துக் கடலில், நாலு பேர் போன நண்டுப் படகு கவிழ்ந்தது. மூன்று பேர் வந்தார்கள். அந்தோணி வரவில்லை. உடம்பும் வரவில்லை. வந்தவர்களில் இவர் ஒருவர். அதற்கு நன்றியாக நேர்ந்திருந்த அசனச் சாப்பாட்டைக் கொடுக்கத்தான் அத்தனை பேரையும் கூப்பிட்டிருந்தோம்.

நம் ஊர்க் கோயில் பங்கு மலருக்கு எழுதச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் ஒவ்வொரு பருவத்திலும் ஆண்டவருக்கு எப்படி நன்றி சொல்கிறோம் என்று எழுதச் சொன்னீர்கள். பனி, பூ, பழுத்த இலை என்று நாலு படமும் அனுப்பச் சொன்னீர்கள். படம் எடுத்தேன். எழுத உட்கார்ந்தால் இதுதான் வருகிறது. அச்சுக்கு ஆகாது என்றால் படத்தை மட்டும் போட்டுக்கொள்ளுங்கள்.

2

நான் எட்டாவதோடு நின்றவள். அப்பா படுக்கையில் விழுந்ததும் தூத்துக்குடியில் இறால் கம்பெனிக்குத் தலை கிள்ளப் போனேன். இங்கே நண்டுக் கம்பெனியில் கால் உடைக்கிறேன். நடுவில் விமானம் ஏறி இறங்கியதைத் தவிர பெரிய மாற்றம் ஒன்றுமில்லை. அங்கேயும் விரல் ஐஸில் மரத்துப்போகும், இங்கேயும் மரத்துப்போகும்.

கவலைப்படுவதற்கு மட்டும் எனக்குப் படிப்பு வேண்டியிருக்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு மூன்று தரம் போய்ப் பார்ப்பேன். மெர்சி பள்ளிக்கூடம் விட்டு வரப் பத்து நிமிஷம் பிந்தினால் வாசலுக்கும் ஜன்னலுக்கும் நடப்பேன். இவர் கடலுக்குப் போவதை விட்டு ஒரு வருஷம் ஆகிறது. இப்போது மீன் பெட்டி கழுவுகிற வேலைதான். ஆனாலும் காலையில் எழுந்ததும் நான் போனில் பார்ப்பது காற்று எத்தனை வேகம் என்றுதான். யாருக்காகப் பார்க்கிறேனோ.

நமக்குப் பருவம் என்றால் காற்று. கச்சான் அடித்தால் மண் பறக்கும், உதடு வெடிக்கும். வாடை திரும்பினால் மழை. நடுவில் தடைக்காலம், வலை பின்னுகிற மாதம். இங்கே காற்று எல்லா மாதமும் ஒன்றுபோலத்தான் அடிக்கிறது, மரத்தைப் பார்த்துத்தான் மாதம் தெரிந்துகொள்ள வேண்டும். வந்த புதிதில், இலை எல்லாம் சிவந்து உதிர்ந்ததைப் பார்த்து மரத்துக்கு ஏதோ சீக்கு என்று நினைத்தேன். இவர் சிரித்துக்கொண்டே அந்தோணிக்குப் போன் போட்டுச் சொன்னார். அவன் அப்போது ஊரில் இருந்தான். “மைனிட்ட சொல்லுங்க மச்சான், மரம் தவசுக்காலம் கும்பிடுதுன்னு” என்றான். நோன்புக்கு மரமும் எல்லாவற்றையும் விட்டுவிட்டதாம், எதையும் அப்படித்தான் பேசுவான்.

இங்கே பஸ்ஸில் இருந்து இறங்கும்போது ஆள் ஆளுக்கு டிரைவரிடம் நன்றி சொல்லிவிட்டு இறங்குகிறார்கள். முதல் ஆறு மாதம், எல்லோரும் டிரைவருக்குச் சொந்தக்காரர்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். நம் மினிபஸ்ஸில் இறங்கும்போது நன்றி சொன்னால் டிரைவர் சண்டைக்கு வருவான், என்ன அண்ணாச்சி கிண்டலா என்று. மெர்சி இந்த ஊர்ப்பிள்ளை ஆகிவிட்டாள். சோறு போட்டால் எனக்கே நன்றி சொல்கிறாள். பெற்றவளுக்கு நன்றி சொல்கிற பிள்ளையைப் பார்த்தால், அடுத்த வேளைக்கு வேறு வீட்டுக்குப் போகிறவள் மாதிரி இருக்கிறது. சொன்னால் கோபப்படுவாள். தமிழில் கோபப்பட அவளுக்கு வார்த்தை போதாது, இங்கிலீஷுக்குப் போய்விடுவாள். அங்கே நான் போக முடியாது.

3

அந்தோணியை இந்த வேலைக்குக் கூப்பிட்டவர் இவர்தான். தங்கச்சி மாப்பிள்ளை, கூடவே இருந்தால் நல்லது என்று முதலாளியிடம் சொல்லி விசா வாங்கினார். செல்வி அப்போது ஏழு மாதம். பிள்ளை பிறந்ததை அந்தோணி போனில்தான் பார்த்தான்.

படகு போன அன்றைக்கு நான் வேலையில் இருந்தேன். சூப்பர்வைசர் வந்து என் கையுறையை அவரே கழற்றினார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. துறைமுகத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். ஹெலிகாப்டர் சத்தம் வரும், போகும். நான் மாதாவிடம் நேர்ந்தேன். “ரெண்டு பேரையும் கொண்டுவந்து விட்டுரு தாயே, அசனம் போடுதேன்.” ரெண்டு பேர் என்றுதான் சொன்னேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஒருவரைக் கொண்டுவந்து விட்டாள்.

ஆஸ்பத்திரியில் இவர் கண் விழித்து ஒரே ஒரு தரம்தான் என்னிடம் அதைப் பற்றிச் சொன்னார். இருட்டில் ஒரே கயிற்றை இரண்டு பேரும் பிடித்திருந்தார்களாம். பேசிக்கொண்டே இருந்தார்களாம். பிறகு கயிறு லேசானதாம். அவ்வளவுதான்.

பாதி கொடுத்தால் பாதி நேர்ச்சையா, முழு நேர்ச்சையா? இதை நினைத்து நினைத்து எனக்கு மண்டை காய்ந்துபோயிற்று. அசனம் போட்டால், அந்தோணி போனதற்குச் சோறு போட்ட மாதிரி ஆகும். போடாவிட்டால், இவரைக் கொடுத்ததற்கு வாய் திறக்காத மாதிரி ஆகும். கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டால்? இந்த ஊர்ச் சாமியாரிடம் மெர்சியை வைத்துக் கேட்டேன். ஆண்டவர் கடைக்காரர் இல்லை, அவரிடம் கணக்குப் பார்க்க வேண்டாம் என்றார். நல்ல மனுஷர். ஆனால் அவர் நம் கடற்கரையில் பிறந்தவர் இல்லை.

எங்கள் தெருவில் இதற்கு ஒரு முறை உண்டு. மற்ற தெருவில் எப்படியோ தெரியாது. கடலில் தப்பி வந்தவனுக்காக அசனம் போட்டால், அதே படகில் போய்த் திரும்பாதவன் வீட்டுக்குத்தான் முதல் சோறு. அந்த வீட்டார் முதல் ஆளாக உட்கார்ந்து ஒரு வாய் அள்ளி வைக்க வேண்டும். பிறகுதான் பந்தி. அவர்கள் வாயில் வைத்துவிட்டால், உன் ஆள் பிழைத்ததில் எங்களுக்கு வருத்தமில்லை என்று அர்த்தம். இன்னொரு அர்த்தமும் உண்டு. எங்கள் ஆள் இனி வரமாட்டான் என்று ஒத்துக்கொண்டதாகவும் அர்த்தம். அவர்கள் வைக்கவில்லையென்றால் அண்டா சோறும் அப்படியே நிற்கும்.

முதல் சோறு செல்விக்கு. செல்வியோ, உடம்பைப் பார்க்காமல் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன் என்று இருந்தாள்.

4

நவம்பர் வந்தது. நம் ஊரில் கல்லறைத் திருநாளுக்கு வெள்ளையடிப்போம், பூ வைப்போம். இங்கே இறந்தவர்கள் பெயரை எழுதி ஒரு கவரில் போட்டுப் பீடத்தில் வைக்கிறார்கள், மாதம் முழுக்கப் பூசையில் நினைப்பதற்கு. செல்வி முதலிலேயே சொல்லிவிட்டாள், “அவுக பேருக்கு மெழுகுவத்தி கொளுத்திராதீய மைனி” என்று. நான் கொளுத்தவில்லை. பிரிஜிட் அம்மா, எங்களுக்கு இங்கிலீஷ் எழுத வராது என்று இரக்கப்பட்டு, அந்தோணி பெயரைத் தானே எழுதிப் போட்டுவிட்டார். சாமியார் பீடத்தில் இருந்து அந்தப் பெயரை வாசித்தபோதுதான் எங்களுக்குத் தெரியும். இவர் எழுந்து வெளியே போனார். அதற்குப் பிறகு கோயிலுக்கு வந்தாலும், பூசையில் அப்பம் கொடுக்கும்போது நன்மை வாங்க எழுந்திருப்பதில்லை.

மறுநாள் மெர்சியை இழுத்துக்கொண்டு பிரிஜிட் அம்மா வீட்டுக்குப் போய்ப் பெயரை எடுத்துவிடச் சொன்னேன். ஏன் என்று அவருக்குப் புரியவில்லை. எடுத்துவிட்டார். போகும்போது கையில் ஒரு கேக் கொடுத்து அனுப்பினார். கேக்கைத் தூக்கிக்கொண்டு மழையில் நடந்து வந்தோம். மெர்சி வீட்டு வாசலில் நின்று, “மாமா செத்துப்போய்ட்டாங்கம்மா. எல்லாருக்கும் தெரியும்” என்றாள். தமிழில்தான் சொன்னாள்.

கிறிஸ்மஸுக்கு நட்சத்திரம் கட்டவில்லை. குளிர்காலம் இங்கே சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிவிடும். அந்த இருட்டில் பேப்பர் வேலை பார்த்தோம். அந்தோணிக்குக் கடைசி இரண்டு மாதச் சம்பளம் வரவேண்டியிருந்தது. மூவாயிரத்து எண்ணூற்று அறுபது யூரோ. முதலாளியின் கணக்கர், வாரிசுச் சான்றிதழ் வந்தால்தான் தர முடியும் என்றார். தாலுகா ஆபீஸில், சாவுச் சான்றிதழ் கொண்டு வந்தால்தான் வாரிசுச் சான்றிதழ் என்றார்கள். இங்கே, உடம்பு இல்லாததால் விசாரணை முடிந்தால்தான் சாவுச் சான்றிதழ் என்றார்கள். விசாரணைக்கு இங்கிலீஷில் இவர் வாக்குமூலம் வேண்டும் என்றார்கள். இவர் வாயைத் திறந்தால்தானே.

அப்பாவுக்கும் ஆபீஸுக்கும் நடுவில் மெர்சிதான் உட்கார்ந்தாள். பதினைந்து வயசுப் பிள்ளை. அந்த இரவு நடந்ததை அப்பாவிடம் தமிழில் கேட்டு இங்கிலீஷில் சொல்ல வேண்டும். கயிறு லேசானதை எப்படிச் சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு ராத்திரி அவள் சாப்பிடவில்லை. எனக்கு நன்றியும் சொல்லவில்லை.

தவசுக்காலத்தில் சாமியார் துறைமுகத்துக்கு வந்து படகுகளை மந்திரித்தார். நான் போகவில்லை. கம்பெனி ஜன்னல் வழியாகத் தண்ணீர் தெளிப்பது தெரிந்தது. படகு முதலாளியும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். புதுப் படகு வாங்கியிருந்தார், பழைய கடனோடு. அவரைக் கெட்டவர் என்று எழுதமாட்டேன். படகு போன வாரம் எங்கள் வீட்டுக்கு வந்து, சமையலறையில் நின்று அழுதவர். அழுததை நான் பார்த்தேன். சம்பளத்தைத்தான் பார்க்கவில்லை.

5

இங்கே கோடையில் ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். அந்த வெளிச்சத்தில் தூங்க முடியாமல் செல்வியோடு பேசிக்கொண்டிருப்பேன். அவளுக்கு அப்போது விடிகாலை மூன்று மணி. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கருவாட்டுக் கூடையோடு ஏரல் சந்தைக்குப் புறப்படுகிற நேரம். மாதா கோயிலில் திருவிழாக் கொடியேறிவிட்டது என்பாள். கூட்டம் என்பாள். பிள்ளை ராட்டினம் கேட்கிறாள் என்பாள். அந்தோணி பேச்சு வந்தால் ‘அவுக வந்ததும்’ என்றுதான் ஆரம்பிப்பாள். அவுக வந்ததும் கூரையை மாத்தணும். அவுக வந்ததும் பிள்ளைக்குக் காது குத்தணும். நான் ஊம் கொட்டுவேன். தங்கச்சியிடம் பேசுங்கள் என்று போனை நீட்டினால் இவர் குளியலறைக்குள் போய்விடுவார்.

விசாரணை ஆவணியில் முடிந்தது. கடலில் மூழ்கியிருக்க வேண்டும் என்று எழுதினார்கள். சான்றிதழ் பிறகு தபாலில் வரும் என்றார்கள். இதைச் செல்வியிடம் எப்படிச் சொல்வது என்று நான் இரண்டு நாள் தூங்கவில்லை. சொன்னேன். அவளுக்குப் பின்னால் பிள்ளை எதையோ தட்டிக்கொண்டிருந்தது.

“தாலுகா ஆபீஸ்ல கேக்கான், செத்ததுக்கு அத்தாட்சி என்னன்னு. அங்கன உள்ளவக எழுதிட்டாக. சாமியாரும் சொல்லுதாரு. நான் ஒருத்தி மட்டும் இல்லைன்னு சொல்லி என்ன ஆவப்போவுது மைனி?”

“ஏளா, நீ ஒன்னும் இப்ப முடிவு பண்ண வேண்டாம்.”

“அசனத்தை வைங்க. அண்ணன் நன்மை வாங்காம எத்தனை நாள் இருப்பாக. நான் இங்கன இருந்தே முதச் சோறு எடுத்துக்கிடுதேன்.”

இவரிடம் சொன்னேன். பெட்டி கழுவிய கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். “அவ வாயில வச்சாத்தான் நான் வைப்பேன்” என்றார். பல மாதங்களில் அவர் பேசிய நீளமான வாக்கியம் அது.

6

அசனத்துக்கு முந்திய ஞாயிறு இந்தக் கோயிலில் அறுவடை நன்றிப் பூசை. பீடத்தைச் சுற்றிப் பூசணிக்காய், ஆப்பிள், கோதுமைக் கதிர். கடற்கரை ஊர் ஆனதால் ஒரு வலையும் நண்டு பிடிக்கிற கூடும். நிலமும் கடலும் தந்ததற்கு நன்றி என்று எல்லோரும் பாடினார்கள். நானும் வாயை அசைத்தேன். இவர் அந்த நண்டுக் கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அரிசிக்கு இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போய் வந்தேன். ஆட்டுக்கறிக் குழம்பு, பருப்பு, கத்தரிக்காய். ரொமெல் மனைவி வெங்காயம் உரித்தாள். இருபது பேருக்குச் சமைப்பது பெரிதில்லை, அடிபிடித்துவிடுமோ என்று கவலைப்படுவதுதான் பெரிய வேலை.

நீள மேஜையின் தலைமாட்டில் ஒரு நாற்காலியைக் காலியாக விட்டேன். அதற்கு முன்னால் முதல் சோறு. பக்கத்தில் ஜாடியில் சாய்த்து வைத்த போன். அங்கே சாயங்காலம் ஆகிவிட்டது. செல்வி தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் ஒரு தட்டில் சோறும் குழம்பும். அவள் வைத்த குழம்புதான், ஆனாலும் எங்கள் அசனம் என்று பேசி வைத்திருந்தோம். தலை நிறைய எண்ணெய் வைத்து வாரியிருந்தாள். பிள்ளை தூங்குகிறாள் என்றாள்.

சாமியார் செபம் சொன்னார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். நான் கரண்டியைப் பிடித்துக்கொண்டு போனைப் பார்த்தேன். செல்வி சோற்றில் கை வைத்தாள். பிசைந்தாள். கை மேலே வரவில்லை. மறுபடியும் பிசைந்தாள். நண்டுக் கம்பெனிப் பெண்கள் இது எங்கள் ஊர் மௌனச் செபம் என்று நினைத்துத் தலை குனிந்திருந்தார்கள். இவர் கையைக் கட்டிக்கொண்டு சுவர் ஓரமாக நின்றார். எனக்குக் குழம்பில் உப்புப் போட்டேனா என்றே மறந்துபோயிற்று.

அப்போதுதான் கதவு திறந்தது. படகு முதலாளி. மழைக்கோட்டில் தண்ணீர் சொட்டியது. பிந்தியதற்கு மன்னிப்புக் கேட்டார். பிரிஜிட் அம்மா எழுந்து ஓடிப்போய்க் கோட்டை வாங்கி மாட்டினார். இந்த ஊரில் பிந்தி வந்தவரை நிற்க விடமாட்டார்கள், அது அவர்கள் மரியாதை. எங்கும் இடமில்லை, தலைமாட்டு நாற்காலியைத் தவிர. அங்கே சோறும் போட்டிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவரை அதில் உட்கார வைத்து, கையில் முள்கரண்டியும் கொடுத்துவிட்டார். அவர் எல்லோரையும் பார்த்து ஒரு நன்றி சொல்லிவிட்டு ஒரு வாய் அள்ளி வைத்தார்.

அதைப் பார்த்து மற்றவர்களும் ஆரம்பித்தார்கள். கரண்டிகள் தட்டில் படுகிற சத்தம். ரொமெல் மட்டும் கையை எடுத்துக்கொண்டான், அவனுக்கு நான் முறையைச் சொல்லியிருந்தேன்.

போனுக்குள் செல்விக்கு அந்த மனுஷர் தாடையும் சட்டை பித்தானும்தான் தெரிந்திருக்கும்.

“யாரு மைனி அது?”

பொய் சொல்லலாமா என்று நினைத்தேன். சாமியார் பக்கத்தில் இருந்தார். “படகு முதலாளிளா” என்றேன்.

முதலாளி குனிந்து, போனில் தெரிந்த முகத்துக்குச் சிரித்துக் கையை ஆட்டினார். யார் என்று அவருக்குத் தெரியாது. செல்வி சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“சாப்பிடட்டும். அண்ணனைக் கூப்பிடுங்க.”

இவர் வந்தார். ஒரு வருஷத்துக்குப் பிறகு தங்கச்சி முகத்தைப் பார்த்தார்.

“அண்ணே, அவுக வீட்டு முதச் சோத்தை அவரு தின்னுட்டாரு. தின்னு முடிக்குமுன்ன கேட்டுருங்க. அவுக ஒழைச்ச காசு எங்கன்னு.”

இவர் முதலாளி பக்கத்தில் போய் நின்றார். மெர்சியைக் கூப்பிட்டார். தமிழில் சொன்னார், சத்தமாகவும் இல்லை, கோபமாகவும் இல்லை. இந்தத் தட்டு என் மச்சான் வீட்டுத் தட்டு. தெரியாமல் உட்கார்ந்துவிட்டீர்கள், அது உங்கள் தப்பில்லை. ஆனால் சாப்பிட்டுவிட்டீர்கள். இனி அவன் வீட்டுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் எழுந்திருக்கக்கூடாது.

மெர்சி முகம் சிவந்துவிட்டது. அவள் சொன்னது இத்தனை நீளம் இல்லை. பாதியை முழுங்கினாள் என்று எனக்குத் தெரிந்தது. மன்னிப்பு என்ற வார்த்தையும் காதில் விழுந்தது, கடைசியில் ஒரு நன்றியும். முதலாளி தலையை ஆட்டி, பேப்பர் எல்லாம் வந்ததும் கணக்கர் பார்த்துக்கொள்வார் என்றார்.

இவர் மெர்சி தோளில் கை வைத்து நிறுத்தினார். தனக்குத் தெரிந்த நாலு இங்கிலீஷ் வார்த்தையில் அவரே சொன்னார். அந்தோணி வேலை செய்தான். நீங்கள் நண்டு விற்றீர்கள். பேப்பர் செத்தவனுக்கு. வேலை உயிரோடு இருந்தவன் செய்தது.

பிரிஜிட் அம்மா கையை வாயில் வைத்துக்கொண்டார். ரொமெல் எழுந்து இவர் பக்கத்தில் வந்து நின்றான். முதலாளி முள்கரண்டியைக் கீழே வைத்தார். கழுத்து சிவந்திருந்தது. முழுவதும் இப்போது முடியாது, படகுக் கடன் கழுத்தை நெரிக்கிறது, பாதியாவது திங்கட்கிழமை அனுப்புகிறேன் என்றார். சாமியார் பார்த்துக்கொண்டிருக்க, எல்லோரும் கேட்கச் சொன்னார். சொல்லிவிட்டு, மிச்சச் சோற்றைச் சாப்பிடுவதா வேண்டாமா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். “சாப்பிடச் சொல்லுளா” என்றார் இவர் மகளிடம்.

நான் போனைப் பார்த்தேன். செல்வி தன் தட்டின் மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூடிக்கொண்டிருந்தாள்.

“நீ வைக்கலியே செல்வி.”

“அவுகளுக்கு எடுத்து வைக்கேன் மைனி. நீங்க பந்தியப் பாருங்க.”

இவரும் அன்றைக்குச் சாப்பிடவில்லை. எல்லோரும் போன பிறகு அண்டாவைக் கழுவினார்.

7

அசனம் மாதாவிடம் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று தெரியவில்லை. சாமியார், ஆண்டவர் ஏற்றுக்கொண்டார் என்கிறார். பிரிஜிட் அம்மா விஷயம் தெரிந்து வீட்டுக்கு வந்து அழுதார், மறுபடியும் ஒரு கேக்கோடு. மெர்சி, அப்பா பேசியது வெட்கமாக இருந்தது என்றாள். ராத்திரி அவளே வந்து, இனி அந்த முதலாளிக்கு மெசேஜ் நானே போடுகிறேன் என்றாள். இரண்டையும் ஒரே பிள்ளைதான் சொன்னது.

மறுநாள் செல்வியிடம், மூடி வைத்த சோற்றை என்ன செய்தாய் என்று கேட்டேன். தண்ணீர் ஊற்றி வைத்தாளாம். விடிகாலையில் சந்தைக்குப் போகுமுன் தனியாக உட்கார்ந்திருக்கிறாள்.

“வீணாப்போவுமேன்னு நானே தின்னுட்டேன் மைனி.”

அது முதல் சோற்றில் சேருமா என்று நான் கேட்கவில்லை. இவரிடம் மட்டும் சொன்னேன். வரும் ஞாயிறு நன்மை வாங்க எழுந்திருப்பாரா என்று பார்க்க வேண்டும். அதற்குள் எனக்கு இன்னும் மூன்று ராத்திரி இருக்கிறது, கவலைப்பட.

இலை எல்லாம் கொட்டிவிட்டது. நீங்கள் கேட்ட படம் நாலும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஆண்டவரே, இவரைக் கொடுத்தீர், நன்றி. மற்றதைப் பற்றி எனக்கு இன்னும் சொல்லத் தெரியவில்லை.

முதலாளி சொன்னபடி திங்கட்கிழமை இரண்டாயிரம் அனுப்பினார், செல்வி பெயருக்கே. மெர்சி தினம் தவறாமல் மெசேஜ் போடுகிறாள், கீழே நன்றியுடன் என்று எழுதி. இன்னும் வரவேண்டியது ஆயிரத்து எண்ணூற்று அறுபது யூரோ.